வாசகர் கேள்வி – பதில்: கொடி கைமாறும் நிமிடம்

படைப்பிரிவுகளில் தளபதி மாறும்போது நடைபெறும் பொறுப்பு மாற்ற விழாவைப் பற்றிக் காரைக்குடியிலிருந்து வந்த கடிதத்தைச் சென்ற இதழில் குறிப்பிட்டு, விடையை இந்த இதழுக்குத் தள்ளிவைத்திருந்தோம். அதைப் படித்த வேறு சிலரும் அதையொட்டியே கேள்விகள் அனுப்பியிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (வாசகி, காரைக்குடி): எங்கள் மகள் அமெரிக்கத் தரைப்படையில் கேப்டன். டெக்சாஸில் உள்ள ஒரு படைத்தளத்தில் அவள் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றின், அதாவது நூற்றைம்பது பேர் கொண்ட படைப்பிரிவின், தலைமையை ஏற்ற நாளில் நானும் என் கணவரும் உடன் இருந்தோம். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சிறு கொடியை நான்கு பேர் மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தார்கள். போகிறவரின் மனைவிக்குச் சிவப்பு ரோஜாக்களும் எனக்கு மஞ்சள் ரோஜா மொட்டுகளும் தந்தார்கள். போகிறவர் நெடுநேரம் பேசினார். என் மகளோ இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டாள். "ஏம்மா, நாலு வார்த்தை கூடுதலாகப் பேசக் கூடாதா?" என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கொடி ஏன் அப்படிச் சுற்றி வருகிறது, அவள் ஏன் பேசவில்லை என்று விளக்குவீர்களா ஐயா?

பதில்: உங்கள் மகள் செய்தது மரபுப்படி மிகச் சரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கொடியைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்கத் தரைப்படையில் கம்பெனி அளவிலான பிரிவின் கொடிக்குக் 'கைடன்' என்று பெயர். நுனி இரண்டாகப் பிளந்த சிறு கொடி அது. போக்குவரத்துப் பிரிவு என்கிறீர்கள். எனவே செங்கல் சிவப்புத் துணியில் பொன்மஞ்சள் சின்னம் பொறித்த கொடியாக அது இருந்திருக்கும். பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனுக்கும் அதற்கு மேற்பட்ட பிரிவுகளுக்கும் பெரிய கொடி உண்டு. அப்பிரிவு பங்கேற்ற போர்களின் பெயர்கள் எழுதிய நாடாக்கள் அதன் உச்சியிலிருந்து தொங்கும்.

நீங்கள் பார்த்த நால்வரில் முதலாமவர் ஃபர்ஸ்ட் சார்ஜண்ட், அதாவது அந்தக் கம்பெனியில் அதிகாரி அல்லாத வீரர்களுள் மூத்தவர். கொடி தாங்கி நிற்கும் வீரரிடமிருந்து கொடியைப் பெற்று, விடைபெறும் தளபதியிடம் அவர்தான் தருகிறார். விடைபெறுபவர் தம் கம்பெனிக் கொடியைக் கையில் பிடிப்பது அதுவே கடைசி முறை. அவர் அதை நேரே உங்கள் மகளிடம் கொடுத்திருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அவர் இருவருக்கும் மேலதிகாரியான பட்டாலியன் தளபதியிடம் கொடுக்கிறார். அவரிடமிருந்துதான் உங்கள் மகள் பெற்றுக்கொள்கிறார். இந்தச் சிறு சுற்றில்தான் விழாவின் பொருளே அடங்கியிருக்கிறது. தலைமை என்பது முன்னவர் பின்னவருக்கு எழுதிவைக்கிற சொத்து அன்று. மேலிருந்து ஒப்படைக்கப்பட்டது, மேலேயே திருப்பித் தரப்பட்டு, அங்கிருந்து மறுபடியும் ஒப்படைக்கப்படுகிறது. நேற்றுவரை இருந்த கேப்டனுக்கு உங்கள் மகள் எவ்விதத்திலும் கடன்பட்டவர் அல்லர். அவர் பதில் சொல்ல வேண்டியது பட்டாலியன் தளபதிக்கு. இந்தக் கணக்கை நூற்றைம்பது பேர் கண்முன்னே சொல்லாமல் சொல்லிவிடுகிறது அந்தக் கொடியின் பயணம்.

பிறகு உங்கள் மகள் கொடியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஃபர்ஸ்ட் சார்ஜண்டிடமே திருப்பிக் கொடுத்ததையும் கவனித்திருப்பீர்கள். புறப்பட்ட இடத்துக்கே கொடி வந்து சேர்கிறது. கம்பெனித் தளபதிகள் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் மாறிக்கொண்டே இருப்பவர்கள். கொடியும் அதைக் காக்கும் வீரர்களும் இருந்த இடத்தில் இருப்பவர்கள். எனவே கொடிக்குக் காவலர் வீரர்களின் பிரதிநிதிதான், தளபதி அல்லர். பட்டாலியனிலும் அதற்கு மேலும் இந்தப் பாத்திரத்தைக் கமாண்ட் சார்ஜண்ட் மேஜர் ஏற்பார். அதே நாட்டின் மரைன் படையிலோ விடைபெறுபவரே புதியவரிடம் நேராகக் கொடியைத் தந்துவிடுகிறார். என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், தரைப்படையின் சுற்றுவழியே பொருள் நிறைந்தது என்பேன். மரைன் வீரர் எவரேனும் இதைப் படித்தால் சண்டைக்கு வரக்கூடும்.

இனிப் பேச்சு. அந்த நாள் விடைபெறுபவருக்கு உரியது. அவர் செய்து முடித்தவற்றைச் சொல்லலாம், வீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நன்றி கூறலாம், குரல் தழுதழுக்கலாம்; யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புதியவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே அவர் பேச என்ன இருக்கிறது? நீண்ட உரையோ வாக்குறுதிப் பட்டியலோ அங்கே பண்புக்குறைவாகக் கருதப்படும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வாக்கியத்தை உங்கள் மகள் சொல்லியிருக்கக்கூடும்: நடைமுறையில் உள்ள ஆணைகளும் விதிகளும் அப்படியே தொடரும் என்பது அது. கேட்பதற்குச் சடங்குச் சொல் போலிருந்தாலும், நேற்று ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட விடுப்பும் இன்றிரவு இன்னார் காவல் நிற்க வேண்டும் என்ற பட்டியலும் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. "அது பழைய கேப்டன் போட்ட உத்தரவு" என்று நாளை யாரும் நழுவ முடியாது.

ரோஜாக்கள் விதிமுறையில் உள்ளவை அல்ல, வழக்கத்தில் உள்ளவை. முழுதும் மலர்ந்த சிவப்பு ரோஜா, நிறைவடைந்த காலத்துக்கு நன்றி. மஞ்சள் மொட்டு, இனிமேல் மலர வேண்டிய காலத்துக்கு வரவேற்பு. மலரும் பருவத்துக்குத் தக்கபடி ஏழு பெயர் வைத்த நமக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற அரசு அலுவலர், திருநெல்வேலி): நான் 34 ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவன். மாறுதல் வந்தால் சி.டி.சி. (பொறுப்பு ஒப்படைப்புச் சான்று) படிவத்தில் 'முற்பகல்' அல்லது 'பிற்பகல்' என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். சாவிக்கொத்தும் பதிவேடுகளும் கைமாறும். ஒரு தேநீரோடு சார்ஜ் ஒப்படைப்பு முடிந்துவிடும். படையில் மட்டும் இதற்கு அணிவகுப்பும் வாத்தியமும் எதற்கு?

பதில்: உங்கள் சி.டி.சி.க்கு இணையானது அங்கேயும் உண்டு, ஐயா. கொடிக்குச் சட்ட வலிமை எதுவும் கிடையாது; எழுத்து ஆணைதான் ஒருவரைத் தளபதி ஆக்குகிறது. கொடி நழுவிக் கீழே விழுந்தாலும், மழையால் விழாவே நின்றாலும், ஆணையில் கண்ட தேதியில் பொறுப்பு மாறிவிடும்.

பதிவேடு சரிபார்ப்பிலோ அவர்கள் உங்களையும் மிஞ்சியவர்கள். அமெரிக்கத் தரைப்படையில் கம்பெனிப் பொறுப்பை ஏற்கப்போகும் கேப்டனும் விடைபெறுபவரும் சேர்ந்து, கம்பெனியின் உடைமை முழுவதையும் எண்ணியாக வேண்டும். அதற்கு வழக்கமாக 30 நாள் தரப்படுகிறது. காரைக்குடி அம்மையார் அரை மணி நேரத்தில் முடிந்த விழாவைப் பார்த்தார். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் அவர் மகள் வண்டிக்கொட்டகையில் நின்றிருப்பார். ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் தார்ப்பாயை விரித்து, அந்த வண்டிக்கு உரிய ஜாக்கி, இழுவைச் சங்கிலி, தீயணைப்பான், ஸ்பானர் வரிசை, எச்சரிக்கை முக்கோணம் எல்லாவற்றையும் ஓட்டுநர் பரப்பி வைப்பார். கேப்டன் கையில் படத்தோடு கூடிய அச்சுப் பட்டியல் இருக்கும். அவர் பெயரைப் படிக்கப் படிக்க, ஓட்டுநர் பொருளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். துப்பாக்கிகளுக்கும் இரவுநேரக் கண்ணாடிகளுக்கும் பெயர் மட்டும் போதாது. பொறிக்கப்பட்ட எண்ணை ஒவ்வொன்றிலும் படித்துச் சரிபார்க்க வேண்டும். இது முடிந்து புதிய கேப்டன் கையெழுத்திட்டுவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு காணாமல் போகும் ஸ்பானருக்கும் அவர்தான் பொறுப்பு. கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தது என்று விசாரணையில் முடிவானால், பெரும்பாலும் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் வரை அவரிடம் பிடித்தம் செய்ய முடியும். உங்கள் காலத்தில் பதிவேட்டில் இருந்து அலமாரியில் இல்லாத கணிப்பான் ஒன்றுக்காக யாரேனும் தூக்கம் இழந்திருந்தால், இது புரியும்.

ஆயினும் உங்கள் கேள்வி நிற்கிறது: இவ்வளவு தாளும் கையெழுத்தும் இருக்கும்போது அணிவகுப்பு எதற்கு? அலுவலகத்தில் இருவருக்கிடையே அரை நாள் இடைவெளி விழுந்தால் கோப்பு மேசையில் காத்திருக்கும், மனு கொடுத்தவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். படையில் தளபதியின் ஆணைக்குக் கீழ்ப்படியாமை குற்றம். அந்த ஆணை ஒருவனைச் சாவின் வாய்க்கே அனுப்பக்கூடியது. வீரர்களுக்குச் சிறு தண்டனைகள் விதிக்கும் அதிகாரமும் அமெரிக்கக் கம்பெனித் தளபதிக்கு உண்டு. அப்படிப்பட்ட அதிகாரம் ஒரு நிமிடமேனும் இரண்டு பேரிடம் இருப்பதும் ஆபத்து, யாரிடமும் இல்லாமல் போவதும் ஆபத்து. தாளில் உள்ள கையெழுத்தை வரிசையில் நிற்கும் பத்தொன்பது வயது வீரன் பார்ப்பதில்லை. கொடி ஒரு கையை விட்டு இன்னொரு கைக்குப் போவதை அவன் கண்ணால் பார்க்கிறான். இந்த நிமிடம் வரை அவர், இனிமேல் இவர் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

கேள்வி (வாசகர், சென்னை): வெயிலில் வீரர்களை மணிக்கணக்கில் நிற்கவைத்து, அதிகாரிகள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் ஆடம்பரம்தானே இது?

பதில்: ஓரளவு உண்மைதான். பத்து நிமிடத்துக்குரிய சடங்கை வரவேற்புரை, வாழ்த்துரை என்று இழுத்தடிக்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் அவர்களை மனத்துக்குள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதை இங்கே அச்சிட இயலாது. விழா ஒரு மணி நேரம் என்றால் ஒத்திகை இரண்டு நாள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும் என்பதால், முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்கும்படி பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். இருந்தும் கோடைக்காலங்களில் யாராவது ஒருவர் சாய்ந்துவிடுவது வழக்கம். பேச்சாளர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

கேள்வி (கப்பல் பொறியாளர், தூத்துக்குடி): கடற்படையிலும் கொடி கைமாறுமா? வணிகக் கப்பலில் கேப்டன் மாறும்போது நாங்கள் ஆவணங்களில் ஒப்பமிடுவதோடு சரி.

பதில்: கடற்படையில் கொடியைவிடச் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அமெரிக்கக் கடற்படையில் கப்பலின் எல்லாரும் கூடியிருக்க, இரு அதிகாரிகளும் தத்தமக்கு வந்த ஆணையை உரக்கப் படிக்கிறார்கள். பிறகு புதியவர் வணக்கம் செலுத்தி, "உங்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறேன்" என்கிறார். மற்றவர் பதில் வணக்கம் செய்து, "விடுவிக்கப்பட்டேன்" என்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் கப்பல் கைமாறுகிறது. கடலில் இருக்கும்போது மேல்தளக் காவல் அதிகாரி ஒருவரிடமிருந்து இன்னொருவர் பணியை ஏற்கும்போதும் இதே சொற்கள்தாம். இரவு பன்னிரண்டு மணிக்கு, இருட்டில், பார்வையாளர் எவரும் இல்லாத இடத்தில், நாள்தோறும் பலமுறை சொல்லப்படும் வாக்கியத்தைத்தான் கேப்டன்கள் வெண்ணிற உடையில் பகலில் சொல்கிறார்கள். நீங்கள் கடலோடி என்பதால் காரணம் சொல்லாமலே தெரியும்: கேப்டன் உறங்கிக்கொண்டிருக்கும்போது கப்பல் தரைதட்டினாலும் கேள்வி அவரிடம்தான் வரும். அந்தச் சுமை எந்த நொடியில் யார் தோளில் இருந்தது என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது.

அங்கே கப்பலுக்குத் தலைமை ஏற்றவர்கள் அணியும் சின்னம் ஒன்று உண்டு. பொறுப்பில் இருக்கும் வரை அதைச் சட்டையின் வலப்பக்கம் குத்திக்கொள்வார்கள். பொறுப்பு முடிந்தபின் அது இடப்பக்கம் போய்விடும், ஆனால் கழற்றப்படாது. ஓர் அதிகாரியின் மார்பைப் பார்த்தாலே அவர் இப்போது கப்பல் நடத்துகிறாரா, முன்பு நடத்தியவரா என்று தெரிந்துகொள்ளலாம். சிறிய செய்திதான், எனக்கு என்னவோ இதில் ஒரு கவிதை தெரிகிறது.

இந்தியக் கடற்படைக்கு என்று அழகான வழக்கம் ஒன்று உண்டு. விடைபெறும் கேப்டனைப் படகில் அமர்த்தி, கப்பலின் அதிகாரிகளே துடுப்புப் போட்டுக் கரை சேர்ப்பார்கள். கரையில் உள்ள தலைமையகம் என்றால், அலங்கரித்த வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்துச் செல்வார்கள். தமிழ்நாட்டில் ஓய்வுபெறும் காவல்துறைத் தலைவரின் காரை உயர் அதிகாரிகள் வடம் பிடித்து இழுத்து வழியனுப்பும் படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வகைதான். நேற்றுவரை ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள் இன்று ஆணை இல்லாமலே இழுக்கிறார்கள். தேர்வடம் பிடித்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்து மிச்சம் என்று கருதி, அதிகாரிகள் கையில் கோல் ஏந்திச் செல்லும் வழக்கத்தை இந்தியக் கடற்படை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆனால் ஒவ்வோர் அமைப்பின் தலைவர் அலுவலகத்திலும் சடங்குக் கோல் ஒன்று இருக்கலாம் என்றும், பொறுப்பு மாற்றத்தின்போது அலுவலகத்துக்குள் அதைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்றும் அந்த ஆணையே இடம் தந்தது. பழையதைக் களைந்தவர்களும் இந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு பொருள் தேவை என்று கண்டிருக்கிறார்கள்.

கேள்வி (வாசகர், சேலம்): இந்த விழாவை 18ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசர் மகா ஃபிரெடெரிக் தொடங்கிவைத்தார் என்று படித்தேன். சரியா?

பதில்: அமெரிக்க விழாக்களின் நிகழ்ச்சி நிரலில் இப்படி ஒரு வரி அடிக்கடி அச்சாகும். ஒரே மன்னர் ஒரு நாள் நினைத்துத் தொடங்கிவைத்ததாகச் சொல்லும் கதைகளைச் சற்றுத் தள்ளிவைத்தே பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நிறத்தில் தனிச் சின்னத்தோடு கொடி என்ற ஒழுங்கு ஐரோப்பியப் படைகளில் அந்த நூற்றாண்டுகளில் உறுதிப்பட்டது என்பது வரை சரி. வெடிமருந்துப் புகை சூழ்ந்த களத்தில் தன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று வீரனுக்குக் காட்டிய ஒரே அடையாளம் கொடி. அதனால் அதை வரிசைகளின் ஊடே மெதுவாக எடுத்துச் சென்று எல்லாருக்கும் காட்டினார்கள். லண்டனில் ஆண்டுதோறும் மன்னர் பிறந்தநாளுக்கு நடக்கும் கொடி அணிவகுப்பு அந்தப் பழக்கத்தின் எச்சமே.

அடையாளச் சின்னத்துக்கும் படையின் மானத்துக்கும் உள்ள முடிச்சோ மிகப் பழையது. லெஜியன் எனப்பட்ட ரோமானியப் பெரும்படைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் கம்பத்தின் மேல் கழுகுச் சின்னம் ஒன்று இருந்தது. கி.மு. 53இல் கார்ரே போரில் பார்த்தியரிடம் பறிகொடுத்த சின்னங்களைப் போரிடாமலே, பேச்சுவார்த்தை மூலம் கி.மு. 20இல் பேரரசர் அகஸ்டஸ் மீட்டபோது, அதைப் பெரும் வெற்றியாகவே கொண்டாடினார்கள். கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் அழிந்த 17, 18, 19 ஆகிய மூன்று லெஜியன்களின் எண்ணைப் பிறகு எந்தப் படைக்கும் ரோமானியர் சூட்டவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் ஒப்புமை சொல்லலாம். சங்க காலத்தில் அரசனின் அதிகாரம் குடியிருந்த பொருள் முரசு. அதற்குத் தனிக் கட்டில் உண்டு, நீராட்டு உண்டு, பலி உண்டு. பகைவன் முரசைக் கவர்வது அவன் நாட்டைக் கவர்வதற்கு நிகர். முரசு கட்டில் என்று அறியாமல் அதன்மேல் உறங்கிவிட்ட மோசிகீரனாரைச் சேரமான் தண்டிக்காமல் விசிறிக்கொண்டு நின்றது ஏன் அவ்வளவு பெரிய செய்தியாகப் பாடப்பட்டது என்பது, அந்தக் கட்டிலின் மதிப்பை உணர்ந்தால்தான் விளங்கும். ஆனால் இன்றைய பொறுப்பு மாற்ற விழா அங்கிருந்து வந்தது என்று யாரும் இழுத்துக் கட்ட வேண்டாம். அதிகாரம் கண்ணுக்குத் தெரியாதது. அதைத் தெரியவைக்க ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை இரண்டு இடத்திலும் ஒன்று, அவ்வளவே.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): தளபதி போரில் இறந்துவிட்டாலோ, பதவி நீக்கம் செய்யப்பட்டாலோ விழாவுக்கு வழியில்லையே. அப்போது என்ன செய்வார்கள்?

பதில்: இறந்தால் அடுத்த மூத்தவரிடம் பொறுப்பு தானாகவே செல்கிறது; அதற்கு ஆணையும் வேண்டாம், கொடியும் வேண்டாம். 1805 அக்டோபர் 21 அன்று டிராஃபல்கர் கடற்போரில் குண்டடிபட்டு, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் கீழ்த்தளத்தில் கிடந்தார். இனி அடுத்த மூத்தவரான காலிங்வுட் தலைமை ஏற்பார் அல்லவா என்று கப்பலின் கேப்டன் ஹார்டி கேட்டபோது, நான் உயிரோடு இருக்கும்வரை அப்படி நடக்காது என்ற பொருளில் நெல்சன் மறுத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இன்னும் சில மணி நேரமே வாழ்வு என்று அறிந்த ஒருவர் பிடிவாதமாகப் பதவியைப் பற்றிக்கொண்டதாக இதைப் படிக்கக் கூடாது. மூச்சு இருக்கும்வரை பொறுப்பு தம்முடையது என்ற கணக்கில் அவர் சரியாக இருந்தார். அன்று மாலை அவர் இறந்தபின் காலிங்வுட் பொறுப்பேற்றார்.

நீக்கப்படும்போது நிலைமை வேறு. கொரியப் போரின் நடுவே, 1951 ஏப்ரல் 11 அன்று, அங்கே படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மெக்கார்தரை அமெரிக்க அதிபர் ட்ரூமன் நீக்கினார். உடனடியாக ஜெனரல் ரிட்ஜ்வேயிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பதே ஆணை. அந்த ஆணை முறைப்படி கைக்கு வருவதற்கு முன்பே வானொலிச் செய்தி டோக்கியோவில் அவர் வீட்டை எட்டிவிட்டது. நண்பகல் உணவின்போது மனைவிதான் அவரிடம் சொன்னார். அரை நூற்றாண்டு சீருடை அணிந்த ஒருவருக்கு விடை கொடுக்கும் முறை அதுவன்று என்று, நீக்கம் சரியே என்று கருதியவர்களும் எண்ணினார்கள். இன்றைக்கும் குற்றச்சாட்டின்பேரில் நீக்கப்படுபவருக்குப் பொதுவாக விழா எடுப்பதில்லை. புதியவர் மட்டும் நின்று கொடியைப் பெறுவார். அதன் பெயரும் பொறுப்பு மாற்ற விழா அன்று, பொறுப்பேற்பு விழா. அழைப்பிதழில் உள்ள அந்த ஒரு சொல் வேறுபாட்டைப் பார்த்தே வீரர்கள் கதையை ஊகித்துவிடுவார்கள்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: அவசரக்காரர். 1942 ஆகஸ்டில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் எட்டாவது படைக்கு மாண்ட்கோமரி நியமிக்கப்பட்டார். முதலில் தேர்வான ஜெனரல் காட் ஆகஸ்ட் 7 அன்று விமானம் சுடப்பட்டு இறந்ததால் வந்த வாய்ப்பு அது. 15ஆம் தேதிதான் பொறுப்பேற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவரோ 13ஆம் தேதியே களத்துக்கு வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, இன்றுமுதல் தளபதி நானே என்று அறிவித்துவிட்டார். வெற்றி பெற்றதனால் வரலாறு அதைத் துணிச்சல் என்கிறது. இரண்டு நாள் ஒரு படைக்கு இரண்டு தளபதிகள் இருந்தார்கள் என்பதே அதன் நேர்ப்பொருள்.

கேள்வி (வாசகர், குன்னூர்): இந்தியத் தரைப்படையில் நடந்த பொறுப்பு மாற்றங்களில் நினைவுகூரத் தக்கவை எவை? தமிழர் யாரேனும் தொடர்புடையவரா?

பதில்: முதலாவது நாட்காட்டியிலேயே இருக்கிறது. 1949 ஜனவரி 15 அன்று, கடைசி ஆங்கிலேயத் தலைமைத் தளபதி ராய் புச்சரிடமிருந்து கே.எம். கரியப்பா பொறுப்பேற்றார், பொங்கலையொட்டி ஆண்டுதோறும் வரும் தரைப்படை நாள் அந்த ஒரு பொறுப்பு மாற்றத்தின் நினைவுதான். ஒரு தளபதி மாறியதைத் தன் பெருநாளாகக் கொண்டாடும் படை நம்முடையது.

இரண்டாவதில் தமிழர் வருகிறார். சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வர் ப. சுப்பராயனின் மகன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966இல் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனவர். 1969 ஜூனில் அவர் சாம் மானக்ஷாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். குமாரமங்கலம் இங்கிலாந்தின் வூல்விச் கழகத்தில் பயின்றவர். மானக்ஷா டேராடூனில் தொடங்கப்பட்ட இந்திய ராணுவக் கழகத்தின் முதல் அணியைச் சேர்ந்தவர். ஆங்கிலேய மண்ணில் உருவான தலைமுறை அன்றைக்கு விடைபெற்று, இந்திய ராணுவக் கழகத்தில் பயின்ற தலைமுறை முதல்முறையாகப் பொறுப்பேற்றது. பின்னாளில் சுந்தர்ஜியும், 2000 முதல் 2002 வரை சுந்தரராஜன் பத்மநாபனும் அதே நாற்காலியில் அமர்ந்தார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வெலிங்டனில், 1758இல் உருவான மதராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கிறது. ரெஜிமென்டின் கர்னல் என்ற மதிப்புறு பதவி ஒரு மூத்த ஜெனரலிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும்போது கோல் கைமாறும். அங்கே கொடிக்கு அல்ல, கோலுக்கே முதலிடம். டெல்லியில் முப்படைத் தளபதிகள் மாறும்போதும் கோல்தான் கைமாறுகிறது; புதியவர் தேசியப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்து, அணிவகுப்பு மரியாதையை ஏற்பார். 2021 நவம்பர் 30 அன்று கடற்படைத் தளபதியாகப் பொறுப்பேற்ற அட்மிரல் ஆர். ஹரிகுமார், அங்கே வந்திருந்த தம் தாயாரின் காலைத் தொட்டு வணங்கினார். எந்த நெறிமுறைக் கையேட்டிலும் அது இருக்காது. நான் பார்த்த அந்த நாளின் படங்களில் நினைவில் நிற்பதும் அது ஒன்றுதான்.

கேள்வி (வாசகர், விழுப்புரம்): 2022இல் தமிழ்நாடு காவல்துறைக்குக் குடியரசுத் தலைவர் கொடி கிடைத்தது. காவல்துறைத் தலைவர் மாறும்போது அந்தக் கொடியும் கைமாறுமா? பழைய கொடிகளை என்ன செய்வார்கள்?

பதில்: கைமாறாது. 2022 ஜூலை 31 அன்று சென்னை ராஜரத்தினம் மைதானத்தில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வழங்கிய அந்தக் கொடி, துறை முழுவதற்கும் கிடைத்த விருது. பதவியோடு ஒட்டியது அன்று. அதன் அடையாளத்தைத் தலைவர் முதல் காவலர் வரை எல்லாரும் சீருடைக் கையில் அணிகிறார்கள்.

பழைய கொடிகளைக் கிழிப்பதோ எரிப்பதோ வழக்கமில்லை. பிரிட்டனில் தேவாலயங்களில் தொங்கவிட்டு, துணி தானே இற்றுப்போகும்வரை விட்டுவிடுவார்கள். இந்தியா குடியரசு ஆனபின், பழைய மன்னர் கொடிகளை 1950 நவம்பரில் டேராடூன் ராணுவக் கழகத்தின் செட்வுட் மண்டபத்தில் மரியாதையோடு வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே 27 அன்று இந்தியக் கடற்படை முதல் குடியரசுத் தலைவர் கொடியைப் பெற்றது. அமெரிக்காவில் ஒரு பிரிவு கலைக்கப்படும்போது தளபதியும் மூத்த சார்ஜண்டும் சேர்ந்து கொடியைக் கம்பத்தில் இறுகச் சுருட்டி, உறையிட்டு, முடிச்சுப் போடுகிறார்கள். கொடியை வாங்கிக்கொள்ள அந்த விழாவில் அடுத்தவர் யாரும் நிற்பதில்லை. அந்தப் பிரிவு மறுபடி உயிர்பெற்றால், அதே உறையை அவிழ்த்துத்தான் தொடங்குவார்கள்.